நீண்ட பாட்டும் குறுகிய கூத்தும்

கலை யாருக்குச் சொந்தம் என்னும் வினா மேடையேறும் கலைஞனை என்றேனும் ஒருநாள் எதிர்கொண்டே தீரும். 1970களின் இத்தாலியிலும், அதற்குச் சற்று முன்னர் மட்டக்களப்பிலும் இவ்வினா இருவேறு கோலத்தில் எழுந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயன்தரும்.

மாணவரும் தொழிலாளரும் வீதியில் இறங்கியிருந்த காலம் அது. 1972இல் மிலான் நகரில் தோன்றிய 'ஏரியா' என்னும் றொக் இசைக்குழு அவ்வெழுச்சியின் குரலாயிற்று. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் சந்தைப் பாட்டு அவர்களுக்குப் போதவில்லை. ஜாஸ் இசையையும் மின்னிசையையும் பால்கன் நாட்டார் தாளங்களையும் குழைத்து நீண்ட இசைக்கோலங்களைப் படைத்தனர். 1973இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு, ஔஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிலில் நாஜிகள் பொறித்த 'உழைப்பு விடுதலை தரும்' என்னும் வாசகத்தையே தலைப்பாக்கினர். உழைப்பைப் புகழ்ந்துகொண்டே உழைப்பாளியை வதைக்கும் உலகை இதனினும் கூர்மையாக எள்ள முடியுமா? 1974இல் தொழிலாளரின் சர்வதேச கீதத்தையும் இசைத்தட்டாக்கினர். 'கிராக்', 'மலெதெத்தி' என்பன 1975இலும் 1976இலும் தொடர்ந்தன. ஆயினும் 1976இல் மிலானின் லாம்புரோ பூங்காவில் நடந்த பாட்டாளி இளைஞர் விழாவில், உணவின் விலையை எதிர்த்து இளைஞர்கள் கிளர்ந்தனர். மக்கள் கலையை முழங்கிய மேடையின் முன்னிலையிலேயே, விற்பவன் வாங்குபவன் என்ற பிளவு வெளிப்பட்டது. குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ் 1979இல், 34 வயதில் மறைந்தார்.

எம் மண்ணிலோ இயக்கம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அங்கே குறும்பாட்டு நீண்டது; இங்கே நெடுங்கூத்து குறுகியது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உழவரும் மீனவரும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் படித்தவர் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கியிருந்தனர். 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கை உலுக்கியபின், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு கூத்தை நகர மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்' அரங்கேறியது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன தொடர்ந்தன. இரவு முழுவதும் நீண்ட ஆட்டம் ஒன்றிரண்டு மணி நேரத்துள் அடங்கியது. கூத்துக்கு மதிப்புக் கிட்டியது. ஆனால் களரியைச் சூழ்ந்திருந்த ஊர் பார்வையாளர் வரிசையாய் மாறியது.

1969இல் சி. மௌனகுருவின் 'சங்காரம்' மற்றோர் அடி எடுத்துவைத்தது. அரசர் ஆடிய ஆட்டத்தை உழைக்கும் மக்களின் தலைவன் ஆடினான். சாதி முதலிய கொடுமைகள் அரக்கராய் வீழ்ந்தன. பழைய வடிவம் புதிய உள்ளடக்கத்தைத் தாங்கவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் ஒரு கடன் எஞ்சி நிற்கிறது. பேராதனை மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியரின் பெயரைப் பாடநூல்கள் அறியும். மத்தளம் தட்டிய கைகளை எத்தனை பேர் அறிவர்? 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், ஊராரோடு உரையாடி, அவர்தம் களரியிலேயே கூத்தை மாற்ற முயன்றது இக்கடனை உணர்ந்தே எனலாம்.

நாடகமும் அரங்கியலும் பயிலும் குருக்கள்மடத்து மாணவன் 'கர்ணன் போர்' பற்றி விடை எழுதுகையில், அண்ணாவியாரின் பெயரையும் எழுதுவானாக. அதைக் கற்பிக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.