'த்யு'வா, 'வூ'வா? பிரெஞ்சில் யாரை 'நீ' என்பது, யாரை 'நீங்கள்' என்பது?

கல்யாண அழைப்பிதழின் ஓரத்தில் 'ஆர்.எஸ்.வி.பி.' என்று பார்த்திருப்பீர்கள். 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. அதில் வரும் 'வி'தான் 'வூ', அதாவது நீங்கள். 'நீ' என்பதற்கு 'த்யு'.

நம்மிடமும் நீ, நீங்கள் இரண்டும் இருக்கே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். தமிழ்க் கணக்கு அப்படியே பொருந்தாது.

இன்றைய பிரெஞ்சுக் குடும்பங்களில் அப்பா, தாத்தா, பாட்டி எல்லோருமே பெரும்பாலும் 'த்யு'தான். அது நெருக்கம், அவமரியாதை இல்லை. 1966-இல் மாறிய மொழிபெயர்ப்பின்படி, கத்தோலிக்கர்களின் பரலோக மந்திரத்தில் கடவுளும் 'த்யு'தான். விதிவிலக்கும் உண்டு: முன்னாள் அதிபர் ஜாக் சிராக்கும் அவர் மனைவி பெர்னதெத்தும் ஒருவரையொருவர் 'வூ' என்றே அழைத்துக்கொண்டவர்கள்.

வெளியே வந்தால் கதை தலைகீழ். ஓட்டலில் பரிமாறும் பையனுக்கு இருபது வயதுதான் என்றாலும் 'வூ'. நம்ம ஊரில் 'தம்பி, ஒரு டீ கொண்டு வா' என்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். கடை, வங்கி, மருத்துவமனை எங்கும் அறிமுகமில்லாத பெரியவர்களுக்கு 'வூ'தான். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் தயங்காமல் 'த்யு'.

இது வெறும் நாகரிகப் பேச்சு இல்லை. 2014-இல் நடைமுறைக்கு வந்த காவல்துறை நடத்தை விதி, போலீசார் பொதுமக்களிடம் 'வூ' போட்டே பேச வேண்டும் என்கிறது. போலீஸ் 'த்யு' என்றால் அது மட்டம்தட்டுவது என்று அங்கே எல்லோருக்கும் புரியும்.

அதிபர் மக்ரோன் விஷயம் நினைவிருக்கிறதா? 2018 ஜூனில் ஒரு நினைவு நிகழ்ச்சியில் பள்ளி மாணவர் ஒருவர் செல்லப் பெயரில் 'எப்படி இருக்க, மனு?' என்கிற தோரணையில் கூப்பிட, அங்கேயே கண்டித்த அவர், 'அதிபர் அவர்களே' என்றோ 'ஐயா' என்றோ அழைக்கச் சொன்னார்.

அலுவலகத்தில்? பல இடங்களில் முதல் நாளே 'த்யு' வந்துவிடும். ஆனாலும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வயதிலோ பதவியிலோ பெரியவர் 'ஓன் ஸ த்யுத்வா?' (நீ-னே பேசிக்கலாமா?) என்று கேட்கட்டும். ஒத்துக்கொண்ட பிறகு திரும்ப 'வூ'வுக்குப் போனால், என்ன சண்டை என்று எதிராளி குழம்பிவிடுவார்.

கனடாவின் கியூபெக் போகிறவர்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் தளரும். அங்கே கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே 'த்யு' என்றால் கோபிக்க வேண்டாம்.