பொழுதுபோக்கும் பொதுச்சொத்தும்

வரலாற்றை எழுதுவோர் கட்டியவனின் பெயரைப் பொறித்துவைப்பர். பேணியவனின் பெயரை மறந்துவிடுவர். குளத்தை வெட்டுவித்த மன்னன் கல்வெட்டில் வாழ்கிறான். ஆண்டுதோறும் தூர் வாரிக் கரை கட்டிக் காத்த மக்கள் பெயரின்றி மறைந்துபோயினர். கணினி யுகத்தின் வரலாறும் இப்பழைய வழியிலேயே எழுதப்பட்டு வருகிறது. லினக்ஸ் என்றதும் பின்லாந்து மாணவர் ஒருவரின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. அவர் தொடங்கிவைத்த படைப்பை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் பழுதுபார்த்து, தொகுத்து, உலகின் கையிற் கொடுத்துவரும் ஆயிரக்கணக்கானோர் யாவர்? அவர்களுட் பலர் அவ்வேலைக்கென எவரிடமும் ஊதியம் பெறாதவர். மாலைப் பொழுதுகளிலும் விடுமுறை நாட்களிலும் சொந்த விருப்பத்தால் உழைப்பவர். அவ்வுழைப்புக்கு உலகம் இட்ட பெயர் ‘பொழுதுபோக்கு’ என்பதாகும். இப்பொழுதுபோக்கின் சமுதாய அடிப்படை யாது என்பதையே நாம் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முதலிற் சொத்துறவு பற்றிச் சிறிது கூறவேண்டும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அவ்வாய்வுகூடத்தை உடைமையாகக் கொண்ட தொலைபேசிக் கொம்பனி தன் தொழிலுக்கு வெளியே வணிகம் செய்வதை 1956 ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு ஒன்று தடுத்திருந்தது. ஆகவே யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலுடன் மலிவாகக் கிடைத்தது. மாணவரும் விரிவுரையாளரும் அதனைப் படித்தனர், திருத்தினர், தம்முட் பகிர்ந்தனர். 1984 இல் அக்கொம்பனி பிரிக்கப்பட்டபோது அத்தடையும் நீங்கியது. பலரின் அறிவால் வளர்ந்த பொருள் வேலியிடப்பட்ட தனியுடைமையாயிற்று.

இப்போக்கை எதிர்த்து ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 செப்ரெம்பரில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989 இல் வெளிவந்த அவருடைய பொது உரிமம் எளிமையான ஒரு நியதியைக் கொண்டது. நிரலை எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆயின் திருத்தி வழங்குவோர் அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். தனியுடைமையைக் காக்கப் பிறந்த பதிப்புரிமைச் சட்டமே இவ்வாறு பொதுச்சொத்துக்கு வேலியாயிற்று. குனூ திட்டத்தில் அப்போது குறைவாயிருந்தது இயங்குதளத்தின் கரு ஒன்றே. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்டில் அத்தகைய கரு ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்வதாக அறிவித்தார். 1992 இல் அதனைப் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார்.

கரு மட்டும் இருந்தாற் கணினி பயன்படாது. கோப்புகளைக் கையாளவும், எழுதவும், அச்சிடவும், வலையமைப்போடு இணையவும் நூற்றுக்கணக்கான நிரல்கள் வேண்டும். வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு மனிதர் எழுதிய அந்நிரல்களை ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, எவரும் தம் கணினியில் நிறுவத்தக்க முழுமையாக ஆக்கித் தருவதையே ‘வழங்கல்’ என்கிறோம். 1992 இல் தோன்றிய எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கல் பரவலாகப் பயன்பட்டதாயினும் பிழைகள் மலிந்திருந்தது. அவ்வதிருப்தியிலிருந்து 1993 இல் இரு மாணவர்கள் இரு வழிகளிற் புறப்பட்டனர். பற்றிக் வொல்கர்டிங் யூலையில் ஸ்லாக்வெயரை வெளியிட்டார். பேர்டியூ பல்கலைக்கழகத்தில் இருபது வயது மாணவராயிருந்த இயன் மேர்டொக் ஓகஸ்ட் 16 ஆம் திகதி டெபியனை அறிவித்தார். முதலாவது, ஒருவரின் தீர்ப்பையும் உறுதியையும் நம்பி வளர்ந்தது. 2022 இல் அதன் பதினைந்தாம் பதிப்பு வெளிவந்தபோதும் அவரே அதன் தலைமையில் இருந்தார். இரண்டாவது, தொடக்கத்திலேயே பலரின் கூட்டுழைப்பை வேண்டி நின்றது. பொழுதுபோக்கு எவ்வாறு சமுதாய அமைப்பாக மாறுகிறது என்பதைக் காண நாம் இவ்விரண்டாவதையே நோக்கவேண்டும்.

டெபியனில் ஒவ்வொரு நிரலும் ஒரு ‘பொதி’; ஒவ்வொரு பொதிக்கும் பராமரிப்பாளர் உண்டு. மூலநிரலை எழுதியவர் வேறு, பராமரிப்பவர் வேறு. பராமரிப்பாளர் புதிய பதிப்பை வாங்கி, பல வகைக் கணினிகளிலும் இயங்குமாறு செய்து, அது வேறெந்தப் பொதிகளை வேண்டிநிற்கிறது என்று குறித்து, பயனாளரின் முறைப்பாடுகளுக்கு விடை கூறி, பாதுகாப்புக் குறை தெரிந்தவுடன் அதனை அடைக்கிறார். அவர் அனுப்பும் பொதி முதலில் ‘நிலையற்ற’ பிரிவிற் சேரும், சில நாட்கள் பாரிய பிழை தோன்றாதிருந்தாற் ‘சோதனை’ப் பிரிவுக்குச் செல்லும், ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சோதனைப் பிரிவு முழுவதும் இறுகவைக்கப்பட்டு, பிழைகள் களையப்பட்டு, ‘நிலையான’ பதிப்பாக வெளிவரும். இவ்வாறு பேணப்படும் பொதிகள் இன்று அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவை. பராமரிப்பவர் ஓய்ந்துவிட்டால் அப்பொதியை ‘அநாதை’ என்பர்; இன்னொருவர் முன்வந்து ‘தத்தெடுக்கும்’ வரை அது காத்துக்கிடக்கும். இச்சொற்களே அவ்வுழைப்பின் தன்மையை நமக்கு உணர்த்துவனவல்லவா?

இத்துணை பெரிய வேலையை முதலாளியும் கூலியும் இன்றி நடத்துவதற்கு விதிகள் வேண்டும். 1997 யூலையில் டெபியன் தன் சமுதாய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. தளம் முற்றிலும் சுதந்திரமானதாயிருக்கும், பிழைகளை மறைக்கமாட்டோம், பயனாளரின் நலனும் சுதந்திர மென்பொருளின் நலனுமே எமக்கு முதன்மை என்பவை அதன் சாரம். 1998 இல் யாப்பு ஒன்றும் எழுந்தது. தலைவர் ஆண்டுதோறும் உறுப்பினரின் வாக்காற் தெரிவுசெய்யப்படுவார். அவருடைய முடிவையும் உறுப்பினர் பொது வாக்கெடுப்பால் மாற்றலாம். அதே யாப்பு எவரையும் எவ்வேலையும் செய்யுமாறு கட்டாயப்படுத்துவதில்லை என்றும் கூறுகிறது. டெபியனின் பெயரும் நிதியும் எந்தக் கொம்பனியிடமும் இல்லை. இலாபநோக்கற்ற பொதுநிறுவனம் ஒன்று அவற்றைக் காத்து நிற்கிறது.

இவ்வமைப்புக் குறையற்றதென்று நாம் கூறவில்லை. 2006 இல் டெபியனின் மறைகுறியாக்கப் பொதியிற் செய்யப்பட்ட சிறு மாற்றமொன்று இரகசியச் சாவிகளின் எழுந்தமானத் தன்மையைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. ஒரு வகைக்கு 32,768 சாவிகளே உருவாகக்கூடிய நிலை ஏற்பட்டது. பொறுமையுள்ள எவரும் அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். 2008 மே மாதம் வரை இது எவர் கண்ணிலும் படவில்லை. கண்டறிந்தவர் டெபியனைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ. ஒப்பந்தத்திற்கேற்ப அப்பிழை உலகறிய அறிவிக்கப்பட்டது. நல்லெண்ணம் திறமைக்கு ஈடாகாது என்பதும், ஒளிவுமறைவின்மை பிழையைத் திருத்தும் வழியைத் திறக்கிறது என்பதும் இந்நிகழ்ச்சியிற் கிடைத்த இரு பாடங்களாகும்.

கூலிப் பிரச்சினையும் அதே காலத்தில் எழுந்தது. அடுத்த பதிப்பை 2006 டிசெம்பரில் உரிய காலத்தில் வெளியிடுவதற்காக, வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்குப் பணம் கொடுக்கும் முயற்சி ஒன்றைச் சிலர் தொடங்கினர். ஏனையோர் இலவசமாக உழைக்க இருவருக்கு மாத்திரம் ஊதியமா என்ற கேள்வி எழுந்தது. சிலர் தம் வேலையைக் குறைத்துக்கொண்டனர். பதிப்பு 2007 ஏப்பிரலிலேயே வெளிவந்தது. பேராசை அன்று அச்சர்ச்சைக்குக் காரணம். சமமான தொண்டர்களிடையே பணம் ஏற்றத்தாழ்வைப் புகுத்தும் என்ற அச்சமே காரணம். எனினும் வாழ்க்கைச் செலவுள்ள மனிதன் எத்தனை ஆண்டுகள் இலவசமாகக் காவல் இருப்பான் என்ற கேள்வி தீரவில்லை. 2014 முதல் பழைய பதிப்புகளின் நீண்டகாலப் பராமரிப்புக்குக் கொம்பனிகள் செலுத்தும் பணத்தாற் சிலர் ஊதியம் பெறுகின்றனர். இணக்கம் ஏற்பட்டது, முரண்பாடு மறையவில்லை.

கொம்பனியின் நிழலிற் பொழுதுபோக்காளரின் உழைப்புக்கு நேர்வது யாது என்பதற்கு வேறொரு வழங்கலின் கதை சான்றாகும். ரெட் ஹற் கொம்பனி 2003 இல் தன் பொதுமக்கள் வழங்கலை நிறுத்திக் கட்டண வழங்கலிற் கவனம் செலுத்தியது. உரிமத்தின்படி அது வெளியிட்ட மூலநிரலை எடுத்து, 2004 இல் ஆர்வலர் சிலர் சென்ட்ஓஎஸ் என்னும் இலவச வழங்கலைத் தொகுத்தனர். ஆய்வுகூடங்களும் பல்கலைக்கழகங்களும் அதனை நம்பின. 2014 இல் ரெட் ஹற் அத்திட்டத்தைத் தன் அணைப்பிற் சேர்த்துக்கொண்டது. 2019 இல் ஐ.பி.எம். கொம்பனி 34 பில்லியன் டொலருக்கு ரெட் ஹற்றையே வாங்கியது. அடுத்த ஆண்டு டிசெம்பரில், 2029 வரை பேணப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்பு 2021 இறுதியுடன் முடிவுறும் என அறிவிக்கப்பட்டது. உரிமம் இருந்தமையால் 2021 இல் அல்மாலினக்ஸ், ரொக்கிலினக்ஸ் ஆகியவை அதன் இடத்தில் எழுந்தன. ஆயினும் பெயரும் தீர்மானிக்கும் அதிகாரமும் யாரிடம் உள்ளன என்பதை ஒரே அறிவித்தல் காட்டிவிட்டது. நிரல் பொதுவாயிருந்தால் மாத்திரம் போதாது. அதனை ஆளும் அமைப்பும் பொதுவாதல் வேண்டும்.

தனிமையில் விடப்பட்ட பராமரிப்பாளரின் நிலை இதனினும் ஆபத்தானது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசெட் என்னும் சிறு நிரல் எண்ணற்ற சேவையகங்களில் உள்ளது. அதனை நெடுங்காலம் பேணிவந்தவர் ஒருவரே; அதற்கென அவருக்கு ஊதியமும் இல்லை. வேலை தாமதமாகிறது என்று சில பெயர்கள் அவரை நெருக்கின. உதவ வந்த ஒருவர் ஈராண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்துப் பொறுப்பையும் பெற்றார். 2024 இன் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பதிப்புகளில், அந்நியர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளவழி ஒன்று மறைந்திருந்தது. அது டெபியனின் சோதனைப் பிரிவு வரை வந்துவிட்டது. மார்ச் மாதத்தில் அன்ட்ரெஸ் ஃபுரொயின்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியில் உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். காரணத்தைத் தோண்டிச் சென்று கள்ளவழியைக் கண்டு, 29 ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். நிலையான பதிப்பு தப்பியது. மூலநிரல் திறந்திருந்தமை அவருக்குத் துணைநின்றது. ஆனால் கள்வன் நுழைந்த வாசலைத் திறந்துவைத்தது, களைத்துப்போன ஒரு மனிதனை அவன் உழைப்பாற் பயன்பெற்ற உலகம் தனியே விட்டமையேயாகும்.

2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. நம் கையிலுள்ள அன்ட்ராயிட் தொலைபேசியின் கருவும் அதுவே. இவ்வெற்றியைக் கண்டு, தன்னார்வம் ஒன்றே முதலாளித்துவத்தை வென்றுவிடும் எனக் கனவு காண்போர் உளர். அதற்கு மாறாக, இது மூலதனத்துக்குச் செய்யும் கூலியற்ற ஊழியமே என ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் உண்மையின் பாதியையே காண்கின்றனர். பொழுதுபோக்காளரின் உழைப்பை மூலதனம் உறிஞ்சுகிறது என்பது மெய்; அவ்வுழைப்பு எவராலும் பூட்டிவைக்க முடியாத பொதுச்சொத்தைப் படைத்துள்ளது என்பதும் மெய். அச்சொத்து நிலைப்பது, அதனைப் பேணுவோர் ஒன்றுசேர்ந்து தமக்கென விதியும் வாக்குரிமையும் உள்ள அமைப்பைக் கட்டுவதிலேயே தங்கியுள்ளது.

எனவே கடமை இரு திறத்தது. இச்சொத்தாற் பெரும்பயன் அடையும் அரசுகளும் கொம்பனிகளும் பராமரிப்புச் செலவை ஏற்றல் வேண்டும். அதற்கு விலையாக உரிமை கேட்டல் ஆகாது. பயன்படுத்தும் நாமும் பெறுவோராக மட்டும் இருந்துவிடலாகாது. டெபியனைத் தமிழிலும் நிறுவமுடிகிறது என்றால், அதன் சொற்களை யாரோ சில தொண்டர்கள் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தமையாலேயே. கண்ட பிழையைத் தெளிவாக எழுதி அறிவிப்பதும், மொழிபெயர்ப்பைத் திருத்துவதும், அநாதையாய்க் கிடக்கும் ஒரு பொதியைத் தத்தெடுப்பதும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எட்டாத காரியங்கள் அல்ல. பொதுச்சொத்தைப் பேணும் வேலையிற் பங்கெடுப்போருக்கே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் குரலும் உண்டு.