பின்படிக்கட்டும் மாதிரி வீடும்

மாதுங்காவின் பழைய அடுக்ககங்கள் சிலவற்றின் பின்புறத்தில், சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டொன்று துருவேறி நிற்பதைக் காணலாம். முன்வாசல் வழியே வருவோர் கண்ணில் அது படாது. படக்கூடாது என்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டது. கழிப்பறையைத் துப்புரவு செய்ய வருபவர் கூடத்தையும் அடுப்பங்கரையையும் மிதிக்காமல் ஏறி இறங்குவதற்கான வழி அது. வீட்டை அணிசெய்து காட்டி ஆள் பிடிப்பது என்றதும் வண்ணப்பூச்சும் திரைச்சீலையும் பூச்சாடியும்தான் நினைவுக்கு வரும். பம்பாயைப் பொறுத்தவரை அந்த வரலாற்றை இந்தப் பின்படிக்கட்டிலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. நெரிசல் மிகுந்த தென்பகுதியிலிருந்து மக்களை வடக்கே நகர்த்தும் நோக்கத்துடன் அது வகுத்த தாதர்–மாதுங்கா திட்டத்தில் மனைகள் பிரிக்கப்பட்டன. சாலைகளும் பாதாளச் சாக்கடையும் வந்தன. ஆனால் அடுக்ககங்கள் எழுந்து தெருக்கள் நிறைந்தது 1920களிலும் 30களிலுமே. கட்டியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. வரக்கூடிய குடித்தனக்காரர்களில் கணிசமானோர் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ரயில்வேக்கும் அரசு, தனியார் அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்த பிராமணர்கள். ஊரில் அவர்கள் அறிந்த கழிப்பறை கொல்லைக்கோடியில் இருந்தது. பம்பாய்ச் சால்களில் அது தாழ்வாரத்தின் கடைசியில், எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. புதிய அடுக்ககத்திலோ அடுப்பங்கரைக்குச் சில அடி தூரத்தில், ஒரே கூரையின்கீழ் அமைந்தது. சுகாதாரப் பொறியாளர் முன்னேற்றம் என்று கண்டதை ஆசாரக்காரர் தீட்டு என்று கண்டார்.

நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட மாதுங்கா அடுக்ககங்கள் பற்றிய ஆய்வுநூல் இந்த முரணை விரிவாகப் பேசுகிறது. தீர்வு சுவருக்குள்ளேயே கட்டப்பட்டது. குளியலறை வேறு, கழிப்பறை வேறு எனப் பிரிந்தன. கழிப்பறை வீட்டின் பின்விளிம்புக்குத் தள்ளப்பட்டது. துப்புரவாளருக்குத் தனிவழி அமைந்தது. தென்னிந்தியர் நவீன வாழ்வைத் தயக்கமின்றி வரித்துக்கொண்டனர் என்னும் மாதுங்காப் பெருமிதப் பேச்சில் இந்தப் படிக்கட்டு இடம்பெறுவதே இல்லை. நவீனம் அவர்களுக்கு ஏற்புடையதானது, சாதி அதன் வரைபடத்தில் இடம்பிடித்த பிறகுதான். மற்றக் கவர்ச்சிகளுக்கு வீட்டுக்காரர் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அங்கே தோன்றின. கோயிலும் பள்ளியும் காபிக்கடையும் நடந்து போகும் தூரத்தில் இருந்த வீட்டுக்கு வேறு விளம்பரம் எதற்கு?

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் ஒன்றே: பார்க்க வந்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். போர்க்கால வீட்டுப் பஞ்சமும், அதைத் தொடர்ந்து 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அந்த நிலையைத் தலைகீழாக்கின. 1940 செப்டம்பர் நிலவரத்தில் வாடகை உறைந்தது. இருப்பவரைக் கிளப்ப முடியாது. காலியாகும் வீட்டுக்கு வரிசை நீண்டது. சட்டம் தடைசெய்திருந்தும் ‘பகடி’ என்னும் முன்பணம் கைமாறிக்கொண்டே இருந்தது. அதை வாங்குவது சட்டப்படி ஏற்கப்பட்டதே 1999ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டத்தில்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மாதுங்காவின் வாடகை வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசவும் வீட்டுக்காரருக்குக் காரணம் இருக்கவில்லை.

வாங்குபவர் என்ற புதிய ஆள் வேறிடத்தில் தோன்றினார். 1963இல் வந்த மகாராஷ்டிர உரிமை அடுக்ககச் சட்டம், வரைபடத்தைக் காட்டவும் பொருத்தப்படும் வசதிகள் எவை என்று வெளிப்படுத்தவும் கட்டுநரைக் கட்டாயப்படுத்தியது. மாதுங்காவில் இடம் போதாத தமிழர் குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்த காலமும் ஏறத்தாழ இதுவே. மாதிரி வீடு என்னும் காட்சிக்கூடம் இந்த உரிமைச் சந்தையின் பிள்ளை.

அந்த வடிவத்தை ஏழைகள் கைப்பற்றியது இந்த வரலாற்றின் எதிர்பாராத அத்தியாயம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜாக்கின் அற்புதம், தாம் வாழ்ந்த மான்குர்து ஜனதா காலனி 1976இல் இடிக்கப்பட்டதைக் கண்டவர். அவர் தோற்றுவித்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், நடைபாதைவாசிப் பெண்களின் ‘மகிளா மிலன்’ அமைப்பும், ‘ஸ்பார்க்’ நிறுவனமும் இணைந்து 1980களின் பிற்பகுதியிலிருந்து வீட்டுக் கண்காட்சிகளை நடத்தின. மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவில் வீடுகள் நிறுத்தப்பட்டன. உயரமான ஒற்றை அறை, உள்ளே ஒரு பரண். சமையலுக்கு எவ்வளவு இடம், படுக்க எவ்வளவு இடம் என்று பெண்களே நின்றும் அமர்ந்தும் அளந்து முடிவுசெய்தனர். அதிகாரிகள் பார்வையாளர்களாக வந்தனர். மேல்தட்டாரின் நுகர்பொருள் கண்காட்சி வடிவத்தை இவர்கள் தமக்காகத் திருப்பிக்கொண்டதை அர்ஜுன் அப்பாதுரை எடுத்துக்காட்டியுள்ளார். மாதுங்காவில் வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்குக் காட்டினார். இங்கே குடியிருக்கப் போகிறவரே அரசுக்குக் காட்டினார். வாங்கும் வலிமை இல்லாதவர், தமக்கும் வீட்டைப் பற்றி ஒரு கருத்து உண்டு என்பதை நிறுவ வேண்டியிருந்தது.

1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டம் அந்த வலிமையை ஓரளவு சட்டத்தின் வழியே தந்தது. அப்போது 225 சதுர அடி வீடு இலவசம். ஆனால் குடியிருப்போரில் 70 சதவீதத்தினர் ஒப்புதல் தந்தால்தான் கட்டுநர் செங்கல் வைக்க முடிந்தது. ஒப்புதல் வேண்டியிருந்ததால் குடிசைவாசியின் வாசலுக்கு வந்து பேச வேண்டியவரானார் கட்டுநர். தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில் அந்த ஒப்புதல் விதி விலக்கப்பட்டது. இன்று தகுதி பெறுவோருக்கு 350 சதுர அடி உறுதியளிக்கப்பட்டுள்ளது; பரப்பு கூடியிருக்கிறது, கேட்டுச் சம்மதம் பெறவேண்டிய தேவை போய்விட்டது.

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மாதிரி வீட்டை நம்பி முன்பணம் கட்டி ஏமாந்தவருக்கு இழப்பீடு கோரும் உரிமையைத் தருகிறது. தாராவியில் இலவச வீட்டுக்குக் காத்திருப்பவர் முன்பணம் எதையும் கட்டியவரல்லர்.