ஆணி முளைத்த இஸ்திரிப்பெட்டி

1921 டிசம்பர். பாரிஸில் லிப்ரேரி சிஸ் என்னும் புத்தகக் கடையில் மான் ரேயின் கண்காட்சி. திறப்பு நாளன்று இசையமைப்பாளர் எரிக் சாத்தியோடு ஒரு கடைக்குப் போய் இஸ்திரிப்பெட்டியும் ஆணிகளும் பசையும் வாங்கினார். பெட்டியின் அடியில் 14 ஆணிகளை வரிசையாக ஒட்டி, 'பரிசு' என்று பெயரிட்டார். அன்றே அது திருட்டுப்போயிற்று. துணியைச் சீராக்க வேண்டியது துணியைக் கிழிக்கும். டாடாவின் கோபம் முழுவதும் இந்தத் தலைகீழாக்கத்தில் இருக்கிறது. பின்னாளில் அது பிரதிகளாகப் பெருகி விலைக்குப் போனது அந்தக் கோபத்துக்கு நேர்ந்த விபத்து.

பிகார்க்காரரான சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களால் அமைத்த ராட்சச மண்டையோட்டையும் ('மிகப் பசித்த கடவுள்', 2006) இதே வம்சாவளியில் சேர்த்துவிடலாம்தான். எனக்கு முழு ஒப்புதல் இல்லை. பாரிஸில் ஒரு தேவாலயத்தில் வைக்கப்பட்டு, 2007இல் வெனிஸின் பலாசோ கிராசி முன் நின்றது அது. நான் கண்டது புகைப்படம்தான். மண்டையோடு தெரியுமுன்பே, வாவுபலிப் பொருட்காட்சியின் பாத்திரக் கடை முன் நிற்பதுபோல் வாளியும் செம்பும்தான் தெரிந்தன. நம் வீட்டுப் பாத்திரத்தில் தந்தவர் பெயர் வெட்டியிருக்கும். வங்கிப் பேரேட்டில் ஏறாத கடன் அது. மான் ரே பொருளின் பயனைக் கொன்றார். குப்தா கொல்லவில்லை, காலியாக வைத்திருக்கிறார். காலிப் பாத்திரத்தைப் பார்த்து அதிர்ச்சியடைய நமக்கு டாடா தேவைப்பட்டதில்லை.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனையும் ஆரு தேச்சுக் கழுவுது?"