அஃபிங்டன் வெள்ளைக் குதிரையும் அதைத் துலக்கிய ஊர்களும்

தென் இங்கிலாந்தின் சீமைச்சுண்ணாம்புக் குன்றுகள் உயரத்தால் பெயர் பெற்றவை அல்ல. ஆக்ஸ்போர்டுஷயரின் மிக உயர்ந்த இடமாகிய வெள்ளைக் குதிரைக் குன்றே கடல்மட்டத்திலிருந்து 261 மீட்டர்தான். மலைநாட்டில் பிறந்தவர் அதனை மேடு என்று சொல்லி நடந்துவிடுவர். ஆயினும் அதன் வடக்கு விளிம்பில் நிற்பவர் கண்முன் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். வேலிப்புதர்கள் கட்டங்கட்டமாகப் பிரித்த வயல்கள், மரக்கூட்டங்களுக்கு நடுவே கோபுரத்தால் மட்டுமே தம் இருப்பைத் தெரிவிக்கும் தேவாலயங்கள், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்கள் எனத் தொடுவானம் வரை செல்லும் காட்சி அது.

அக்காட்சியில் ஒன்று மட்டும் அகப்படுவதில்லை. குன்றுக்குப் பெயர் தந்த குதிரை காலடியிலேயே கிடக்கிறது; ஆனால் அங்கிருந்து பார்ப்பவருக்குச் சில வெண்ணிற வளைவுகள் தெரியுமேயன்றிக் குதிரை தெரியாது. ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள அவ்வுருவத்தை முழுமையாகக் காண வேண்டுமானால் பள்ளத்தாக்கில் சில கிலோமீட்டர் விலகிச் செல்ல வேண்டும். அல்லது வானில் பறக்க வேண்டும். அதனை முதலில் வெட்டியவர்களுக்கும் இந்த நிலைதான் இருந்திருக்கும். தாம் செய்வதன் முழு வடிவைத் தாம் நின்ற இடத்திலிருந்து காண இயலாமலேயே அவர்கள் செய்திருக்கிறார்கள்.

உருவம் மிகச் சிக்கனமானது. கழுத்திலிருந்து வால் நுனிவரை ஓடும் ஒரே நீண்ட வளைவு. உடலோடு ஒட்டிய இரு கால்கள், ஒட்டாமல் தனித்து மிதக்கும் இரு கால்கள். பறவையின் அலகு போன்ற வாய். புள்ளியாய் ஒரு கண். இது குதிரைதானா, நாயோ நாகமோ என்று ஐயுறுவோரும் உளர். எனினும் 11ஆம் நூற்றாண்டிலேயே ஆபிங்டன் மடத்து ஆவணங்கள் இவ்விடத்தை வெள்ளைக் குதிரையின் குன்று என்று குறித்துள்ளன. ஊரார் கண்ணுக்கு அது குதிரையாகவே இருந்து வந்திருக்கிறது.

குதிரை இங்குத் தனித்து நிற்கவில்லை. அதற்கு மேலே, குன்றின் உச்சியில், ஏறக்குறைய 3 ஹெக்டேர் நிலத்தை வளைத்து நிற்கும் மண்மதிலும் அகழியும் உள்ளன. அஃபிங்டன் கோட்டை என்று பெயர். கோட்டை என்றதும் கற்சுவரைத் தேடுவோர் ஏமாறுவர். கி.மு. 8 அல்லது 7ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மதில் இன்று ஆடு மேயும் புல்வரம்பாக உள்ளது. குதிரைக்குக் கீழே, தலை சீவியது போன்ற தட்டையான சிறு குன்றொன்று உண்டு. புனித ஜார்ஜ் நாகத்தைக் கொன்ற இடம் அதுவென்றும், நாகத்தின் குருதி சிந்திய இடத்தில் இன்றும் புல் முளைப்பதில்லை என்றும் சொல்வர். சுண்ணாம்பு வெளித்தெரியும் திட்டொன்று உச்சியில் இருப்பது உண்மை, கதைக்கு அதுபோதும். அருகிலுள்ள செங்குத்தான பள்ளத்திற்குக் குதிரையின் தீவனத்தொட்டி என்று பெயரிட்டிருக்கிறார்கள். பனியூழிக் காலத்து உறைவும் உருகலும் அதன் சரிவில் விட்டுச்சென்ற மடிப்புகள் மாலை வெயிலில் படிக்கட்டுகள் போலத் தோன்றும்.

இவையனைத்தையும் தொட்டுச் செல்லும் பழம்பாதைக்கு ரிட்ஜ்வே என்று பெயர். ஓவர்டன் குன்றிலிருந்து ஐவிங்கோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் நீளும் தேசிய நடைபாதையாக அது 1973இல் திறக்கப்பட்டது. சேறும் காடும் நிறைந்த தாழ்நிலத்தைத் தவிர்த்து முகட்டின் உலர்ந்த நிலத்தில் மக்கள் நடந்த வழி அது. அப்பாதையில் குதிரையிலிருந்து மேற்கே சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால், பீச் மரங்கள் சூழ்ந்த ஒரு நீண்ட ஈமமேடு தென்படும். வேலண்டின் உலைக்களம் என்பது அதன் பெயர்.

வேலண்ட் என்பான் ஜெர்மானியத் தொன்மங்களில் வரும் கொல்லன். வழியில் லாடம் கழன்ற குதிரையை அங்கே கட்டி, கல்லின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு விலகிச் சென்றால், திரும்பி வருகையில் நாணயம் மறைந்து குதிரைக்கு லாடம் அடிக்கப்பட்டிருக்கும் என்பது ஊர்க்கதை. வால்டர் ஸ்காட் 1821இல் வெளியிட்ட 'கெனில்வொர்த்' புதினத்தில் இக்கதையைப் பயன்படுத்திக்கொண்டார். பெயர் பழமையானதுதான், கி.பி. 955ஆம் ஆண்டின் நிலக்கொடை ஆவணமொன்றிலேயே அது வருகிறது. ஆனால் மேட்டின் பழமைக்கு முன் அப்பெயர் நேற்று வந்தது. 1962, 63ஆம் ஆண்டுகளில் ரிச்சர்டு அட்கின்சன், ஸ்டூவர்ட் பிகட் ஆகியோர் நடத்திய அகழாய்வில் கல்லறைக்கு உள்ளே அதனினும் முந்திய ஒரு கல்லறை இருப்பது தெரியவந்தது. மரத்தால் அமைந்த அந்த முதல் கல்லறையில் 14 பேரின் எலும்புகள் கிடந்தன. பின்னர் நடந்த கதிரியக்கக் கரிமக் கணிப்பு, முதல் மேட்டைக் கி.மு. 36ஆம் நூற்றாண்டிலும், அதனை மூடி எழுந்த கல்லறை கொண்ட பெரிய மேட்டைக் கி.மு. 35ஆம் நூற்றாண்டிலும் வைக்கிறது. கொல்லனின் பெயரைச் சாக்சானியர் அதற்கு இட்டபோது அதைக் கட்டியவர்கள் மறைந்து நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தன. உலோகமே அறியாதோர் எழுப்பிய கல்லறைக்கு உலோகக் கொல்லன் உரிமையாளனானான்.

குதிரைக்கும் இவ்வாறே உரிமையாளர் பலர் வந்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரே அதனைச் சாக்சானியத் தலைவன் ஹெங்கிஸ்டின் சின்னத்தோடு இணைத்துப் பேசினார். 1738இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் பிரான்சிஸ் வைஸ், ஆல்பிரட் அரசர் 871இல் ஆஷ்டவுனில் டேனியரை வென்றதன் நினைவாக அது வெட்டப்பட்டது என எழுதினார். ஆல்பிரட் பிறந்த ஊராகச் சொல்லப்படும் வான்டேஜ் அருகிலேயே இருப்பதால் கருத்து எளிதில் வேரூன்றிற்று. அவரை எள்ளி நகையாடிய மறுப்பு நூலொன்று விரைவிலேயே வெளிவந்தும் பயனில்லை. வெற்றியின் சின்னம் என்ற விளக்கத்தில் நாட்டுப்பற்றின் இனிமை இருந்தது; அத்தகைய விளக்கங்களை மறுப்பு நூல்கள் வென்றதாக வரலாறு அதிகம் சொல்வதில்லை.

1931இல் ஸ்டூவர்ட் பிகட் வேறொரு வழியில் சென்றார். ரோமானியர் வருகைக்கு முந்திய பிரித்தானிய நாணயங்களில் பொறிக்கப்பட்ட குதிரைகள், இதே போல் பிரிந்த கால்களும் வளைந்த உடலும் கொண்டவை என்பதைக் காட்டி, இரும்புக் காலத்தின் இறுதிக்கு இதனைக் கொண்டு சென்றார். ஆயிரம் ஆண்டு பழமை இரண்டாயிரம் ஆயிற்று. உண்மை அதையும் தாண்டிக் கிடந்தது.

1990இல் டேவிட் மைல்ஸ், சைமன் பால்மர் ஆகியோர் தலைமையில் ஆக்ஸ்போர்டு தொல்லியல் குழுவினர் குதிரையின் உடலில் அகழ்ந்தனர். குதிரை என்பது வெறுமனே புல்லைச் சுரண்டியதால் தெரிந்த வெண்மை அன்று என்பது அப்போது உறுதிப்பட்டது. ஒரு மீட்டர் அளவு ஆழம்வரை பள்ளம் தோண்டி, அதில் தூய சுண்ணாம்புக்கல்லை உடைத்து இட்டு, இடித்து இறுக்கியிருந்தனர். காலத்தைக் கணிக்க ஒளிர்வுமுறை கைக்கொள்ளப்பட்டது. வெயில் பட்ட மணற்பரல் மண்ணுக்குள் புதைந்ததும், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கிறது. ஆய்வகத்தில் தூண்டும்போது அதனை ஒளியாக வெளியிடுகிறது. அவ்வொளியை அளந்தால் அப்பரல் கடைசியாகக் கதிரவனைக் கண்டது எப்போது என்று சொல்லிவிடலாம். 1995இல் வெளிவந்த முடிவு, குதிரை கி.மு. 1380க்கும் 550க்கும் இடைப்பட்டது என்றது. வெண்கலக் காலத்தின் பிற்பகுதி அல்லது இரும்புக் காலத்தின் தொடக்கம். ஆல்பிரட் ஆஷ்டவுனில் போரிட்ட நாளில் அக்குதிரைக்குக் குறைந்தது ஆயிரத்து நானூறு வயது.

பழமையென்று சொல்லப்படுவதெல்லாம் பழமையாகிவிடுவதில்லை. வில்ட்ஷயரிலுள்ள பிற வெள்ளைக் குதிரைகளுட் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்டவை. வில்மிங்டனில் இரு கைகளிலும் கோல் ஏந்தி நிற்கும் நெடிய மனித உருவம், 2003இல் நடந்த ஆய்வின்படி 16 அல்லது 17ஆம் நூற்றாண்டினது. செர்ன் ஆபஸ் அரக்கனை ஒருசாரார் தொல்பழங்காலத்ததென்றும் மற்றொரு சாரார் 17ஆம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரமென்றும் வாதிட்டு வந்தனர். 2021இல் வந்த கணிப்பு அதனைக் கி.பி. 700க்கும் 1100க்கும் இடையே வைத்து இருசாராரையும் வாயடைத்தது. ஆக, இங்கிலாந்தின் சுண்ணாம்பு உருவங்களுள் தொல்பழங்காலத்தது என நிறுவப்பட்டது அஃபிங்டன் குதிரை ஒன்றே.

இங்குதான் வரலாற்றின் உண்மையான வியப்பு தொடங்குகிறது. கற்கோபுரம் கவனிப்பாரற்றுப் போனாலும் சில நூற்றாண்டுகள் நிற்கும். சுண்ணாம்புக் குதிரை அப்படி நிற்காது. மேலிருந்து மண் சரியும். ஓரங்களிலிருந்து புல் ஊர்ந்து வரும். ஒரு தலைமுறை கைவிட்டால் உருவம் குன்றோடு குன்றாகிவிடும். அக்குதிரை இன்று இருக்கிறது என்பதே, ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுக் காலத்தில் எந்தத் தலைமுறையும் அதனை நெடுநாள் கைவிடவில்லை என்பதற்குச் சான்று. கெல்டியர் மொழி போய் ஆங்கிலம் வந்தது. ரோமானியர் வந்து போயினர். பழைய தெய்வங்கள் போய்க் கிறித்தவம் வந்தது. எதற்காக வெட்டினோம் என்பதை ஊர் மறந்தது. வெட்டியவர் வேறு இனத்தார் என்பதும் மறந்தது. மண்வெட்டியோடு குன்றேறுவதை மட்டும் மறக்கவில்லை. பொருளை இழந்த பின்னும் பணி தொடர்ந்தது என்பதைச் சிலர் குறையாகக் கருதலாம். பொருளை மட்டும் காப்பாற்றிப் பணியைக் கைவிட்டிருந்தால் இன்று ஆராய ஒன்றும் இருந்திராது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பக்கம் சென்ற தாமஸ் பாஸ்கர்வில், குதிரையைத் துப்புரவாக வைத்திருக்கும் கடமை அவ்வட்டாரத்துச் சிலருடைய நிலங்களோடு பிணைக்கப்பட்டிருந்ததைக் குறித்துச் செல்கிறார். இப்பணிக்குத் 'துலக்குதல்' என்று பொருள்படும் பெயரே ஊரில் வழங்கிற்று. பாத்திரம் துலக்குவது போல. ஏழாண்டுக்கு ஒருமுறை என்பது மரபு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பதிவான ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் 1825, 1838, 1843, 1857 எனக் கணக்கு ஏறியும் இறங்கியும் வருகிறது. விளைச்சலும் பணமும் கூடி வந்தபோது குதிரை துலங்கிற்று எனக் கொள்வதே பொருந்தும்.

துலக்கு நாள் திருவிழா நாளாகவும் இருந்தது. வேலை முடிந்ததும் பழங்கோட்டையின் மண்மதிலுக்குள் கடைகள் முளைக்கும். மற்போர் நடக்கும், எதிரியின் தலையில் குருதி வரச்செய்பவனே வென்றான் என்னும் கோற்சண்டை நடக்கும், தீவனத்தொட்டிப் பள்ளத்தின் செங்குத்துச் சரிவில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு, பின்னால் இளைஞர்கள் பாய்ந்தோடுவர். கோட்டையைக் கட்டியவர்கள் தம் மதில் இதற்கும் பயன்படும் என நினைத்திருக்க மாட்டார்கள். பெருவிழாவாக நடந்த கடைசித் துலக்கல் 1857 செப்டம்பரில் நிகழ்ந்தது.

அதனை எழுத்தில் நிறுத்தியவர் அஃபிங்டனிலேயே 1822இல் பிறந்த தாமஸ் ஹியூஸ். 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்ற தம் புகழ்பெற்ற நூலின் தொடக்கத்திலேயே அப்பள்ளத்தாக்கைப் பாடாத குறையாக வருணித்தவர். 1859இல் வெளியிட்ட 'வெள்ளைக் குதிரையைத் துலக்குதல்' என்னும் நூலில், விடுமுறைக்கு வந்த லண்டன் எழுத்தர் ஒருவரின் கண் வழியே விழாவைச் சொல்கிறார். ஊரின் பேச்சும் பாட்டும் பந்தயமும் அதில் பதிவாயின. நூலில் ஏறிய விழா குன்றில் மீண்டும் அந்த அளவில் நடக்கவில்லை.

1911இல் ஜி. கே. செஸ்டர்டன் 'வெள்ளைக் குதிரைப் பாட்டு' என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். ஆல்பிரடையும் குதிரையையும் அவர் இணைத்தது வரலாற்றுக்கு ஒவ்வாதது. வரலாறு எழுதவில்லை என்பதை முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் ஆல்பிரடின் காலத்திலேயே அக்குதிரை தொன்மையானது என்றும், போரை வென்ற பின்னும் புல் மீண்டும் வரும், மீண்டும் துலக்க வேண்டும் என்றும் அவர் கண்டார். அகழாய்வு நடப்பதற்கு எண்பதாண்டுகளுக்கு முன், ஆண்டுக்கணக்கில் தவறிய கவிஞர் செயலின் இயல்பைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்பதைத் தொல்லியலாரும் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அக்குதிரையை மனிதர்களே மூடினர். பகை விமானிகளுக்கு வழிகாட்டும் அடையாளமாகிவிடும் என்று அஞ்சி, புற்கரணையும் வேலிப்புதர்த் தழைகளையும் பரப்பி மறைத்தனர். போர் முடிந்ததும் தொல்லியலறிஞர் வில்லியம் பிரான்சிஸ் கிரைம்ஸ் அதனை மீட்டெடுத்தார்.

இன்று குன்று நேஷனல் டிரஸ்ட் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. பந்தயங்கள் இல்லை; பாலாடைக்கட்டி உருளவில்லை. அண்மை ஆண்டுகளில் வான்வழிப் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டபோது, குதிரையின் கோடுகள் புல்லாலும் சரிந்த மண்ணாலும் மெலிந்துவிட்டது தெரிந்தது. கழுத்தும் தலையும் மிகவே ஒடுங்கியிருந்தன. 2024இல் தொல்லியலார் ஓரங்களை அகழ்ந்து பழைய அகலத்தைக் கண்டு மீட்டனர். ஆண்டுதோறும் கோடையில் தன்னார்வலர்கள் வாளியில் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து ஏறி வருகிறார்கள். ஆளுக்குச் சிறிது இடம் ஒதுக்கப்படுகிறது. களையைப் பிடுங்கி, கல்லைக் கொட்டி, மண்டியிட்டுச் சுத்தியலால் இடித்து வெண்பசையாக்குகிறார்கள். தாம் வெண்மையாக்கியது காலா, வாலா, கண்ணா என்பது அவர்கள் இறங்கிப் பள்ளத்தாக்கைக் கடந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.