ஒரு கோடி டாலர் செக்

தொகை ஒரு கோடி டாலர். கொடுப்பவர் ஜிம் கேரி, பெறுபவரும் அவரே. எழுதும்போது கையில் காசில்லாத நகைச்சுவை நடிகர். இரவில் லாஸ் ஏஞ்சலஸின் மல்ஹாலண்ட் மலைச்சாலையில் காரை நிறுத்திக்கொண்டு, பெரிய இயக்குநர்கள் தன்னைத் தேடி வருவதாக நினைத்துப் பார்ப்பார். அந்த நாட்களில் எழுதிய செக் இது. தனக்குச் சில வருடங்கள் அவகாசம் கொடுத்து, 1995 நன்றி நவிலல் நாளைத் தேதியாகப் போட்டார். எதற்கான பணம் என்ற இடத்தில், நடித்துக் கொடுத்ததற்கான ஊதியம் என்று எழுதினார்.

எனக்கு இந்தச் செக்கில் தொகையைவிட அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. அவர் கேட்டது அதிர்ஷ்டத்தை அல்ல, கூலியை. கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்குவதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்தவர்களே அதிகம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் எடுத்தார்கள். வேலையைச் சேர்த்துக் காணும் கனவுக்குத்தான் வலு.

செக் பர்சுக்குள் போனது. வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து நைந்தது. அதைச் சுமந்தவர் மேடைகளில் சிரிக்க வைத்தார், 1990-ல் 'இன் லிவிங் கலர்' தொலைக்காட்சித் தொடரில் சேர்ந்தார். 1994-ல் 'ஏஸ் வென்ச்சுரா', 'தி மாஸ்க்', 'டம் அண்ட் டம்மர்' என்று ஒரே ஆண்டில் மூன்று படங்கள். எழுதிய தொகை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டே அப்பா பெர்சி இறந்தார். பிறரைச் சிரிக்க வைக்கும் திறமை அவருக்கும் இருந்தது. ஆனால் குடும்பத்துக்காகக் கணக்கர் வேலையில் உட்கார்ந்தார். அந்த வேலை ஜிம்முக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது போய்விட, குடும்பம் வேனில் வசிக்கும் நிலைக்கு வந்தது. அப்பாவின் சவப்பெட்டிக்குள் மகன் அந்தச் செக்கை வைத்தார். இருவரும் சேர்ந்து கண்ட கனவு அது. செக்கில் எழுதிய தேதிக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

1997-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜிம் கேரி இந்தச் செக் கதையைச் சொன்ன பிறகு, எத்தனையோ பேர் தங்கள் பெயருக்கே செக் எழுதிக்கொண்டார்கள். மனதில் பார்த்துவிட்டு சாண்ட்விச் சாப்பிடப் போய்விட முடியாது என்றும் அன்றே அவர் சொல்லியிருந்தார். செக் பரவிய அளவுக்கு அந்தப் பேச்சு பரவவில்லை.