நிழலுக்கு ஓர் எண்

சிறுநீரகத்தில் கல்லோ என்று ஐயுற்று ஒருவர் வயிற்றைச் சி.டி. படம் எடுக்கிறார். கல் தெரிகிறது, தேடாத ஒன்றும் தெரிகிறது! சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியில் ஒரு சிறு கட்டி. வலியில்லை, வாட்டமில்லை, ஆயினும் புற்றோ என்ற அச்சம் அவர் உறக்கத்தைப் பறிக்கிறது. கண்டதற்கெல்லாம் கத்தியா? கண்டும் காணாதிருப்பதா? இரண்டுமின்றி, அறிவு மூன்றாம் வழி கண்ட வரலாறு இது.

1895-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடலைக் கிழிக்காமல் உள்ளே காண வழி பிறந்தது. எனினும் அது நிழற்படமே! முன்னுறுப்பும் பின்னுறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று படியும். எலும்பு தெளியும், வயிற்றின் மென்னுறுப்புகளோ மங்கும்.

அம்மயக்கம் தீர்த்தவர் இருவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக், அதற்கான கணக்கை 1963, 1964 ஆண்டுகளில் வெளியிட்டார், உலகம் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், அதனை அறியாமலே, இசைத்தட்டுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தில் கருவியைச் சமைத்தார். 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டன் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மூளையை அது படம் பிடித்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவருக்கும் கார்மக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிட்டியது. தலைக்கென வந்த கருவி, எழுபதுகளிலேயே உடல் முழுமைக்கும் விரிந்தது.

அவர் தந்தது படம் மட்டுமன்று, அளவுகோலுங்கூட! தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குச் சுழிக்குக் கீழே 1000. கொழுப்பும் சுழிக்குக் கீழேதான் நிற்கும். இன்று அவர் பெயராலேயே வழங்கும் அலகு அது.

வயிற்றுப் படங்கள் பெருகப் பெருக, தேடாமல் தென்படும் கட்டிகளும் பெருகின. 1982-இல் ‘இன்சிடென்டலோமா’ என்ற பெயரே மருத்துவ ஏட்டில் ஏறிற்று. தற்செயலாய்க் கண்ட கட்டி என்பது பொருள்.

அச்சத்துக்கு விடை அந்த அளவுகோலிலேயே இருந்தது. தீங்கற்ற அட்ரினல் கட்டிகள் பலவற்றில் கொழுப்பு மிகுதி. ஆகவே, மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் கட்டி ஒரே சீராக இருந்து, 10 அலகோ அதற்குக் குறைவோ காட்டினால், அது தீங்கற்றதெனக் கொள்ளலாம். மேற்கொண்டு படம் வேண்டியதில்லை. ஹார்மோன் மிகுதியாய்ச் சுரக்கிறதா என்பதை மட்டும் தனிச் சோதனையால் அறிய வேண்டும். எண் 10-ஐக் கடந்தால் அதுவே புற்றென்று பொருளன்று. மேலும் ஆராய வேண்டும் என்றே பொருள்.

இந்நூற்றாண்டில் பரவிய இரட்டை ஆற்றல் சி.டி. இன்னும் ஒரு படி ஏறியது. இருவேறு ஆற்றலுடைய கதிர்களால் அளந்து, ஊசிவழிச் செலுத்திய மருந்தின் அயோடினை அது தனியே பிரித்துக் காட்டும். சிறுநீரகக் கட்டி அயோடினை ஏற்றதா? குருதியோட்டமுள்ள திசு, கவனம் தேவை. ஏற்கவில்லையா? பெரும்பாலும் வெறும் நீர்க்கட்டி. மீண்டும் ஒரு படம், மீண்டும் கதிர்வீச்சு என்ற தொல்லை பலருக்கு இதனால் தவிர்கிறது.

தோழர்களே! கூர்மையான கருவி தேடாததையும் காட்டத்தான் செய்யும். காட்சி மட்டும் அறிவாகிவிடாது. அளந்து, ஒப்பிட்டு, முடிவு காண்பதே அறிவு. கட்டியென்ற சொல் கேட்டுக் கலங்குவோரிடம் சொல்லுங்கள்: “அளவு என்ன? அலகு எத்தனை? மருந்தை ஏற்றதா?” இம்மூன்றையும் மருத்துவரிடம் கேட்டபின் முடிவெடுக்கட்டும்.